வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நாங்கள் போன ஆவண எழுத்தர் கடை

வாடகை ஒப்பந்தம் எழுத எந்தக் கடையாக இருந்தால் என்ன, எல்லா இடத்திலும் அச்சடித்துத் தருவது ஒரே தாள்தானே என்று கேட்பவர்கள் இந்த மதிப்புரையைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே தாளை அச்சடிக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினையே. வடசென்னையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் வயதான ஆவண எழுத்தர் ஒருவர் இருக்கிறார். கடைக்குப் பெயர் கிடையாது. தகரப் பலகையில் 'ஆவண எழுத்தர்' என்றும் அதற்குக் கீழே உரிம எண்ணும் மட்டும் இருக்கும். எங்கள் வீட்டு ஒப்பந்தத்தை இந்த முறை அவரிடம்தான் புதுப்பித்தோம். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருகிறேன். மீதி அரை நட்சத்திரத்துக்கான காரணமும் கீழே இருக்கிறது.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். 2014-ல் இந்த வீட்டின் மாடிப் பகுதிக்குக் குடிவந்தோம். அப்போது வாடகை 8,000 ரூபாய், முன்பணம் 80,000 ரூபாய். சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்பது வழக்கம். யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். பெரியவர் இருந்தவரை ஒப்பந்தம் என்பது வருடாவருடம் நடக்கும் ஒரு சடங்கு. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பெயரையும் தேதியையும் மாற்றி இருபது ரூபாய் முத்திரைத்தாளில் அச்சடித்துக்கொண்டு வருவார். நாங்கள் கையெழுத்துப் போடுவோம். பெரியவர் காலமான பிறகு அதுவும் நின்றுபோனது. வாடகை மட்டும் மெல்ல ஏறி 12,000 ஆனது. இந்த ஆண்டு கோயம்புத்தூரில் இருக்கும் அவர்களுடைய மகன், இனி எல்லாம் சட்டப்படி எழுத்தில் இருக்கட்டும், வாடகை 13,000 என்று போட்டுப் புதிதாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு போகிறாள். தேர்வு முடியும்வரை யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற கவலை எனக்கும் இருந்தது.

'சட்டப்படி' என்று அவர் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டத்தில் வாடகை அதிகமென்று பட்டால் குடியிருப்பவர் நியாய வாடகை நிர்ணயிக்கக் கோரி மனுப்போடலாம், வீட்டுக்காரரும் போடலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதற்கு மேலே ஒரு நிழல் இருந்தது. 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் அந்த நிழலை எடுத்துவிட்டது. இப்போது வாடகை என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிய தொகை, அவ்வளவுதான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வீடு கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். பழைய வாய்மொழிக் குடித்தனங்களும் எழுத்துக்கு வந்தாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். முதலில் 90 நாள் என்றிருந்தது பிறகு 575 நாள் வரை நீண்டது. அந்தக் கெடு முடிந்தும் வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இன்னும் வாய்வார்த்தையாகவே ஓடிக்கொண்டிருக்கிறதோ தெரியாது.

ஆகவே இந்தச் சட்டத்தில் அந்தத் தாளில் எழுதியிருப்பதுதான் நமக்கு எல்லாம். அதை எழுதுகிறவர் யார் என்பது அதனாலேயே முக்கியமாகிவிடுகிறது. முதலில் நாங்கள் கைபேசிச் செயலி ஒன்றில் முயன்றோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. கட்டத்தில் பெயர், வாடகை, தேதி நிரப்பினால் இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் வந்துவிட்டது. அதில் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வண்ணம் பூசுவதற்காகப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் யாரும் கேட்காத வரி. ஜெராக்ஸ் கடை மாதிரித் தாளோ இன்னும் மோசம். ரத்தாகிப் போன 1960 சட்டத்தின்படி என்றே அதில் இப்போதும் அச்சாகி வருகிறது. அளவே எடுக்காமல் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொள்ளச் சொல்வது போலத்தான் இதுவும்.

இந்த ஆவண எழுத்தர் தட்டச்சுப் பக்கமே போகவில்லை. ஏதோ பழைய வில்லங்கச் சான்றின் பின்பக்கத்தை எடுத்து, நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'வீட்டுக்காரர்', மறுபக்கம் 'குடியிருப்பவர்' என்று நீல மையில் எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் வந்தால்தான் எழுதுவேன் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். அதனால் பெரியம்மாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாவை நாங்கள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் கேட்ட முதல் கேள்வியே யாரும் எதிர்பார்க்காதது. "அம்மா, வீடு யார் பேரில் இருக்கிறது?"

பெரியம்மா தன் பேரைச் சொன்னார். சொத்துவரி ரசீதை வாங்கிப் பார்த்தார். அதில் காலமான பெரியவரின் பெயர்தான் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகள், எங்கே இருக்கிறார்கள் என்று நிதானமாகக் கேட்டார். ஒரு மகன், ஒரு மகள். அப்படியானால் மூன்று பேருக்கும் இதில் பங்கு இருக்கிறது. நீங்கள் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு மகளோ மகனோ எனக்குத் தெரியாது என்றால் இந்தப் பிள்ளைக்குத்தானே சிரமம் என்று என்னைக் காட்டினார். பெரியம்மா பெயரில் ஒப்பந்தம் எழுதவும், வாடகையை அவரே பெற்றுக்கொள்ளவும் பிள்ளைகள் இருவரும் சம்மதிக்கிறார்கள் என்று தனியாக ஒரு சம்மதக் கடிதம் எழுதி, வாரிசுச் சான்றிதழின் நகலோடு ஒப்பந்தத்தில் இணைக்க வேண்டும் என்றார். அந்தக் கடிதம் கோயம்புத்தூர் போய்க் கையெழுத்தாகித் திரும்பி வரும்வரை ஒப்பந்தத்தை அச்சடிக்கவில்லை. அவசரப்பட்டு எழுதிக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. செயலியில் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டமே கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்து என் பக்கம் திரும்பி, வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். குடியிருக்கிறோம் என்றேன். வேறு? தையல் மெஷின் இரண்டு இருக்கிறது, அக்கம்பக்கத்தவர்களுக்கு ரவிக்கை, சுடிதார் தைத்துத் தருகிறேன், மாலையில் இரண்டு பெண்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள் என்றேன். உடனே பேனாவை எடுத்தார். வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதும், நிறுத்தச் சொல்லி அறிவிப்பு கொடுத்த பிறகும் அதைத் தொடர்வதும் இந்தச் சட்டத்தில் காலி செய்யக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று என்று விளக்கினார். மாதிரித் தாளில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்று இருக்கும்; இன்றைக்கு இந்த அம்மா நல்லவர், நாளைக்கு வேறு யாராவது வந்து அந்த வரியைக் காட்டினால் என்ன செய்வீர்கள்? பெரியம்மாவிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அவருடைய ரவிக்கைகளும் என் மெஷினில்தான் தைக்கப்படுகின்றன. ஆட்சேபம் எங்கிருந்து வரும். 'குடியிருப்புக்காகவும், குடியிருப்பவர் தாமே வீட்டில் செய்யும் தையல் வேலைக்காகவும், இரண்டு மெஷின்களுக்கு மிகாமல்' என்று எழுதினார். இரண்டு மெஷின் என்ற வரம்பு பெரியம்மாவுக்கான பாதுகாப்பு. எனக்கும் அது சம்மதமே. என் பிழைப்பு ஒரு தாளில் இப்படி மரியாதையாக எழுதப்பட்டதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முன்பணத்தில்தான் நேரம் அதிகம் போனது; போகவும் வேண்டியிருந்தது. பழைய சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருந்ததாம். ஊரே பத்து மாதம் வாங்கிக்கொண்டிருந்தது. புதிய சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. புதிய வாடகை 13,000 என்றால் மூன்று மாதத்துக்கு 39,000. எங்களுடைய 80,000 அங்கே இருக்கிறது. அப்படியானால் 41,000 ரூபாய் அதிகம். இதை அவர் சொன்னதும் பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. அந்தப் பணம் பெரியவரின் மருத்துவச் செலவில் எப்போதோ கரைந்துபோனது என்று எனக்கும் தெரியும். ஒரே தடவையாக எடுத்து வைக்க அவரால் முடியாது. கேட்க எனக்கும் மனம் இல்லை. ஆனால் என் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது; சும்மா விட்டுவிடவும் முடியாது.

ஆவண எழுத்தர் கணக்குப் போட்டார். 41,000-ஐப் பத்தால் வகுத்தால் 4,100. முதல் பத்து மாதத்துக்கு, மாதம் 4,100 ரூபாயை முன்பணத்திலிருந்து வாடகையில் கழித்துக்கொள்வது. மீதி 8,900 ரூபாயை நான் வங்கி வழியாகச் செலுத்துவது. பதினோராவது மாதம் முழு 13,000. முடிவில் 39,000 முன்பணமாக நிற்கும். இது வரைக்கும் யாருக்கும் தோன்றக்கூடிய கணக்குதான். அதற்கு மேல் அவர் செய்ததுதான் அனுபவம். ஒப்பந்தத்தில் வாடகை 8,900 என்று ஓரிடத்திலும் வரக் கூடாது என்றார். மாத வாடகை 13,000. அதில் முன்பணத்திலிருந்து ஈடு செய்வது 4,100, செலுத்துவது 8,900 என்று ஒவ்வொரு மாதத்துக்கும் தனி வரியாக ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் முன்பணத்தில் மீதி எவ்வளவு என்ற பத்தியும் சேர்த்தார். ஜூன் முடிவில் 75,900, ஜூலை முடிவில் 71,800 என்று இறங்கி மார்ச் முடிவில் 39,000-ல் நிற்கிறது. வாடகை ரசீதும் அதே மாதிரி எழுத வேண்டும் என்று பெரியம்மாவுக்கு ஒரு மாதிரி ரசீதை அச்சடித்துக் கொடுத்தார். இப்படி எழுதாவிட்டால், வாடகையே 8,900 என்று நான் வாதாடலாம்; அல்லது வாடகையில் ஒரு பகுதி பாக்கி என்று அவர்கள் சொல்லலாம். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் வீட்டைக் காலி செய்யக் கேட்கலாம் என்றிருக்கும் சட்டத்தில் இந்த அட்டவணை எனக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். வீட்டைக் காலி செய்தால் பாக்கி முன்பணத்தை, நாங்கள் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதையும் தனி வரியாகச் சேர்த்தார்.

பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்திலேயே இரண்டாம் அட்டவணை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எனக்கு அதுவரை தெரியாது. அதை அவர் தமிழில் வாய்விட்டுப் படித்தார். கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய் மாற்றுவது, மின்கம்பி மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாயின் வாஷர், தண்ணீர்க் குழாய்த் திருகு, சாக்கடை அடைப்பு, கழிப்பறைக் கோப்பைப் பழுது, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி இவையெல்லாம் குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அப்படியே நடக்கும். எழுதாவிட்டால் இந்தப் பட்டியல்தான். எங்கள் சமையலறைச் சுவருக்குள்ளே ஒரு குழாய் இரண்டு வருடமாகக் கசிந்து, சுவர் ஊறி, நான் வாங்கிவைத்த துணிக்கட்டின் ஓரத்தில் பூசணம் பிடிக்கும் அளவுக்குப் போயிருந்தது. இது யார் செலவு என்று பேசினால் மனக்கசப்பு வரும் என்று நானும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. பட்டியலைப் படித்ததும் பெரியம்மாவே, அந்தக் குழாய் என் கணக்குதான் என்று சொல்லிவிட்டார். ஜூலைக்குள் மாற்றித் தருவதாக ஒரு வரி சேர்ந்தது. சுவிட்ச் பலகை ஒன்று வெடித்துப்போயிருந்தது. அது என் கணக்கு என்று நானும் ஒப்புக்கொண்டேன். வண்ணம் பூச ஒரு மாத வாடகை என்ற பேச்சே வரவில்லை.

சட்டப் பட்டியலில் இல்லாத, ஆனால் சென்னையில் தினம் தினம் வரும் விஷயங்களையும் அவர் விடவில்லை. பொது மோட்டார் கீழ்வீட்டு மீட்டரில் ஓடுகிறது. அதற்கு நான் மாதம் 300 ரூபாய். கோடையில் தண்ணீர் லாரி வாங்கினால் பாதிப் பாதி. மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணி எங்கள் பால்கனியில் இருக்கிறது. வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் தொட்டி வழிந்தால் எப்படிக் காத்திருப்பது? தொட்டி, மோட்டார் சம்பந்தமாக மட்டும் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வரலாம், மற்றதற்கெல்லாம் முறைப்படி அறிவிப்பு என்று பிரித்து எழுதினார்.

எனக்குச் சாதகமானதை மட்டும் அவர் படிக்கவில்லை. கூலி கொடுப்பது நான்தான் என்று தெரிந்தும் எனக்கு எதிரான வரிகளை அதே குரலில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். குடித்தனம் முடிக்கப்பட்ட பிறகும் காலி செய்யாமல் இருந்தால் வாடகையைப் போல இரண்டு மடங்கு தர வேண்டிவரும்; எழுத்தில் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது; காலம் முடிந்து, புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால் அதே நிபந்தனையில் மாதாமாதம் நீளும், ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம்தான். புரிந்ததா என்று கேட்டு, நான் திரும்பச் சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போனார். பெரியம்மாவிடமும் அப்படியே: மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்திக் குடியிருப்பவரை வெளியேற்றப் பார்க்கக் கூடாது, வாடகையை உயர்த்துவதென்றால் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பெரியம்மா எழுபதைத் தாண்டியவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒப்பந்தம் தமிழில் இருந்ததாலும், வாய்விட்டுப் படிக்கப்பட்டதாலும் தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்தே போட்டார். பெரியவர் இருந்த காலத்தில் எழுதிய அத்தனை ஒப்பந்தமும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. எங்கள் இருவரில் ஒருவர்கூட அவற்றைப் படித்ததில்லை.

காலத்தைப் பற்றி: மூன்று வருடத்துக்கு எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனி என்று சொல்லி, முடிவை எங்களிடம் விட்டுவிட்டார். பங்குதாரர்கள் மூவரில் இருவர் வெளியூரில் இருப்பதால் பதினோரு மாதம் என்றே வைத்துக்கொண்டோம். மகளின் தேர்வைப் பற்றிச் சொன்னதும், ஜூன் 1-ல் தொடங்கினால் ஏப்ரல் 30 வரை வரும், பொதுத்தேர்வு அதற்குள் முடிந்துவிடும் என்று அவரே தேதியைப் பொருத்தினார். காலம் முடிய இரண்டு மாதம் முன்பு, தொடர்வதா இல்லையா என்று இரு தரப்பும் எழுத்தில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தார்.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. சார்பதிவாளரிடம் பதிவு என்பது வேறு. புதிய வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு என்பது வேறு. பதினோரு மாத ஒப்பந்தம்தானே, எங்கேயும் பதிய வேண்டாம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். தவறு. முதலாவது தேவைப்படாது, இரண்டாவது தேவை. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரி. அவரிடம் அரசின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ யாராவது ஒருவர் விண்ணப்பித்தால் போதும். படிவத்தில் இருவருடைய ஆதார், நிரந்தரக் கணக்கு எண், வீட்டின் விவரம், வீடு ஒப்படைக்கப்பட்ட தேதி, வாடகை, மற்றக் கட்டணங்கள் எல்லாம் கேட்கிறார்கள். கடையில் கணினியில் உட்காரும் பெண் பொறுமையாக நிரப்பினாள். ஒவ்வொரு எண்ணையும் தட்டிய பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆதாரை எதற்குக் கேட்கிறார்கள் என்று பெரியம்மா தயங்கினார். படிவம் கேட்பதைத் தவிர வேறெதற்கும் இங்கே நகல் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லி, வேலை முடிந்ததும் கணினியிலிருந்து அந்தக் கோப்புகளை எங்கள் கண்முன்னே அழித்தாள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறகு பதிவு எண் வந்தது. அந்த எண்ணை எங்கள் இருவர் பிரதியிலும் ஆவண எழுத்தர் தன் கையாலேயே எழுதி வைத்தார்.

இனி அந்த அரை நட்சத்திரம். முதல் வரைவில் எங்கள் வீட்டுக் கதவு எண் தப்பாக வந்திருந்தது. சென்னையில் எந்த வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. சொத்துவரி ரசீதில் புதிய எண், மின்வாரிய அட்டையில் பழைய எண். பழைய எண்ணைப் புதிய எண் என்று தட்டிவிட்டார்கள். நான் கவனித்துச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு உடனே திருத்தினார்கள். மறுபடி அச்சடிக்கக் காசும் வாங்கவில்லை. ஆனாலும் இத்தனை கேள்வி கேட்கும் இடத்தில் இது நடந்திருக்கக் கூடாது. அச்சடிக்கும் முன் கதவு எண், பெயரின் முன்னெழுத்து, தந்தை அல்லது கணவர் பெயர், ஆதார் எண்ணின் கடைசி இலக்கங்கள் ஆகியவற்றை நீங்களே விரல் வைத்துப் படித்துவிடுங்கள்.

கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்வதில்லை. வேலையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்கிறார். எங்களுக்கு ஒப்பந்தமும் சம்மதக் கடிதமும் சேர்த்து எழுத்துக்கூலி 1,500 ரூபாய், இணையப் பதிவுக்கு 500 ரூபாய். செய்த வேலைக்கு அது அதிகமே இல்லை என்பேன். ஆனால் கையில் எண்ணி எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு, உத்தேசமாக இவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் உள்ளே நிம்மதியாக உட்காரலாம். கடைக்கு ஏற மூன்று உயரமான படிகள். கைப்பிடி இல்லை. மூட்டுவலி உள்ள பெரியம்மாவை நானும் அந்தக் கணினிப் பெண்ணும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். வீட்டுக்காரர்களில் வயதானவர்கள் நிறைய வருகிற கடையில் ஒரு கைப்பிடி போட்டுவைக்க வேண்டும். அவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

போவதாக இருந்தால் புதன், வியாழன் காலையில் போங்கள். முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரப் பதிவு அலைமோதும். அன்றைக்கு வாடகை ஒப்பந்தத்தை இந்த நிதானத்தில் எழுதமாட்டார், எழுதவும் முடியாது. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கடை சாத்தியிருக்கும். சொத்துவரி ரசீது, மின்வாரிய அட்டை, இருவரின் அடையாள அட்டைகள், புகைப்படங்கள், பழைய ஒப்பந்தம் இருந்தால் அது, வீடு பரம்பரையாக வந்தது என்றால் வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்ததற்கு ரசீதோ வங்கிக் கணக்குப் பதிவோ இருந்தால் அதையும் மறக்காதீர்கள். எங்களுடைய 80,000-க்கு 2014 ஒப்பந்தம் ஒன்றுதான் சாட்சியாக இருந்தது. முக்கியமாக, வீட்டுக்காரரையும் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் மட்டும் போனால், அவரும் வரட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகை ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு இவர் எப்படி என்று எனக்கு அனுபவம் இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கு என்றால் தயங்காமல் போகலாம். அடுத்த ஏப்ரலில் புதுப்பிக்கவும் நாங்கள் இவரிடமே போகிறோம். பெரியம்மா இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.